மலை வண்டிக்கு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்

அனுப்புநர்:
ச. மதலைமுத்து, வயது 71,
சப் போஸ்ட்மாஸ்டர் (ஓய்வு),
மாதா கோயில் தெரு,
பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: மலைவழி மருத்துவப் பிரிவு – அரசம்பாறை செல்லும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி – லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்ற அளவினை இம்மாதம் 30ஆம் தேதிக்கு முன் நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 5-1-1987, 16-3-1987, 20-7-1987.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. மேற்படி விலாசத்தில் வசிக்கும் நான் அஞ்சல் துறையில் பணியாற்றி 31-7-1974 அன்று ஓய்வு பெற்றவன். தேதியில்லாத காகிதத்தைக் காகிதமாக மதிக்காத இலாகாவில் இருந்து பழகியவன் ஆதலால், இம்மனுவில் கண்ட தேதிகளை எல்லாம் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தே எழுதியுள்ளேன். 16-3-1987 தேதியிட்ட என் மனுவில் விபத்து நடந்த நாள் 28-8-1986 என்று உள்ளது. அது தட்டச்சு செய்தவரின் பிழை. 29-8-1986, வெள்ளிக்கிழமை என்பதே சரி. அப்பிழையைக் காரணம் காட்டி அம்மனு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பின், அதற்காக மன்னிப்புக் கோருகிறேன்.

2. மலைவழி மருத்துவப் பிரிவில் என் ஒரே மகன் சவுரியப்பன் 2-6-1980 முதல் ஓட்டுநராக இருந்தான். அப்பிரிவுக்கு உள்ள வண்டி ஒன்றே ஒன்று. பட்டாளத்தார் உபயோகித்துக் கழித்து, ஏலத்தில் விட்டதை எடுத்தது; 1961ஆம் வருடத்து வண்டி. சாதாரண வண்டிகளில் இன்ஜினின் இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். இதில் தனியாக ஒரு கம்பியைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இதையே ஓட்டுநர்கள் ஃபோர் வீல் போடுவது என்பர். போடாமல் மலையுச்சியிலுள்ள அரசம்பாறை கிராமத்துக்கு ஏற முடியாது. அடிவாரத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர் தூரமும் உருண்டைக் கல்லும் செம்மண்ணும்தான். நடுவே ஓடை ஒன்று பாதையின் மேலேயே ஓடுகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும்போது வண்டி பெட்ரோலைக் குடிக்கும். பழைய இன்ஜின் இன்னும் அதிகமாகக் குடிக்கும். இது எவருடைய குற்றமுமல்ல.

3. 14-3-1984, புதன்கிழமை, வாகனப் பிரிவிலிருந்து மூவர் வந்து இவ்வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று சோதித்தனர். சோதனை நடந்தது மலையில் அல்ல; பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர் செல்லும் தார் சாலையில். வண்டியில் பாரம் இல்லை. ஃபோர் வீல் போடவில்லை. சோதனைக்கான விதியில் தார் சாலை என்றுதான் எழுதியிருக்கிறது என்று அவர்கள் சொன்னதாகத் தெரிகிறது. விதி அவ்வாறிருப்பின் அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

4. இவ்விடத்தில், என் மகனுக்குப் பாதகமானது என்று தெரிந்தும், ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். சோதனைக்கு முந்தின நாள் முழுவதும் அவன் ஷெட்டை விட்டு வரவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். புது பிளக் போட்டான். டயர்களில் கல்லைப் போல் காற்றடித்தான். சக்கரம் தடையின்றி உருள வேண்டும் என்று பிரேக்கைத் தளர்த்தி வைத்தான். இருபது வருடத்துக்கு மேற்பட்ட வண்டி சரியாக ஓடவில்லை என்றால் இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலத்தில் விட்டுவிடுவார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அவன் என்னிடம் சொன்னதை, கொச்சை நடைக்கு மன்னிக்க வேண்டி, சொன்னபடியே எழுதுகிறேன்: "நாளைக்கு இது மானத்தை வாங்கிடுச்சுன்னா கண்டம் பண்ணிப்புடுவாங்கப்பா. அப்புறம் அரசம்பாறைக்காரங்களுக்கு மறுபடியும் தூளிதான்." தூளி என்றது, பிரசவ வேதனையில் இருப்பவளைச் சேலையில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு மலை இறங்குவதை.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன் பெண்ணை நிறுத்துவது போல அவன் அந்த வண்டியை நிறுத்தினான். அது ஐந்தரை கிலோமீட்டர் ஓடிக் காட்டியது. அன்று மாலை அவன் ஜாங்கிரி வாங்கி வந்தான். என் மருமகள் இசபெல்லா, "வண்டிக்குக் கண்ணாலம் ஆனாப்பல இல்ல குதிக்கிறீங்க" என்று கேலி செய்தாள். வண்டி கண்டமாகவில்லை. 1-4-1984 முதல் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று அளவு நிர்ணயித்து உத்தரவு வந்தது.

5. மலைக்குப் போய் வந்தால் அது ஒருமுறையும் நான்கைத் தொட்டதில்லை. விளக்கம் கேட்டு முதல் மெமோ 9-5-1984 அன்று வந்தது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் வந்தது. மாதக் கடைசியில் ஓடிய தூரத்தையும் போட்ட பெட்ரோலையும் கணக்கிட்டு, குறைவதை அவன் சம்பளத்தில் பிடித்தனர். ஏற்றத்தையும் ஓடையையும் விவரித்து அவன் பதில் எழுதினான். மொழியை நான் திருத்திக் கொடுத்தேன். அதற்கு 17-10-1984 அன்று வந்த மறுமொழி: "வண்டி அதுவே. ஓட்டுநரும் அவரே. சோதனையில் கொடுத்த மைலேஜ் இப்போது ஏன் கிடைக்கவில்லை?"

இக்கேள்விக்கு என் மகனிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் சோதனைக்காக வண்டியைத் தயார் செய்ததையும் சொல்ல வேண்டும். சொன்னால் மறு சோதனை. மறு சோதனை என்றால் கண்டம். அவன் சொல்லவில்லை.

6. 21-11-1984 அன்று காலை கணக்கில் குறையும் பெட்ரோல் எங்கள் வீட்டில் பதுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வாகனப் பிரிவிலிருந்து இருவர் வந்தனர். மண்ணெண்ணெய் டின்னை முகர்ந்தனர். ஆட்டுக் கொட்டகையில் வைக்கோலைப் புரட்டினர். எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன்; தங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றனர். தேடுவதற்கு உள்ள அதிகாரம், கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு இல்லாமல் போவது எப்படி என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று மாலைக்குள் ஊர் முழுதும் தெரிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் என் காதுபடவே ஒருவர், "சவுரியப்பன் வூட்டுல அடுப்பே பெட்ரோல்லதான் எரியுதாம், சோறு சும்மா சர்ருனு வேவுதாம்" என்றார். கேட்டவர்கள் சிரித்தனர். இசபெல்லா அதன்பின் தெருக்குழாய்க்குப் போவதை விட்டுவிட்டு, தூரத்துக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவரலானாள்.

7. எவர் சொன்னாலும், சொல்பவன் என் மகனே ஆனாலும், பார்க்காமல் ஒப்புக்கொள்வது என் வழக்கமல்ல. ஆகையால் 6-12-1984 அன்று அவனுடன் அவ்வண்டியில் நானே மலைக்குப் போனேன். அடிவாரத்தில் டாங்கை விளிம்புவரை நிரப்பச் சொன்னேன். அரசம்பாறை போய்ச் சேர்ந்ததும், கேனில் கொண்டு போயிருந்த பெட்ரோலை அளவுக் குவளையால் ஊற்றி மறுபடியும் விளிம்புவரை நிரப்பினேன். பதினொரு கிலோமீட்டர் ஏற ஐந்தரை லிட்டர் பிடித்தது. அதாவது லிட்டருக்கு இரண்டு. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப நம்புறீங்களாப்பா?" என்று கேட்டான். நம்புகிறேன் என்றேன். இந்த விவரத்தை வாகனப் பிரிவுக்கு எழுதினேன். தனி நபர் சோதனை ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது.

8. 1985ஆம் வருடம் பிறந்தபின் மைலேஜ் ஏறியது; மார்ச்சுக்குப் பின் மெமோ வருவது நின்றது. ஜனவரியில் நான்கரை, மார்ச்சிலிருந்து ஐந்து. கர்த்தர் கண் திறந்தார் என்று இசபெல்லா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நடந்தது வேறு. மலை உச்சியிலேயே இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பதினொரு கிலோமீட்டரும் வண்டியைச் சும்மாவே உருள விட்டு இறக்கிக்கொண்டிருந்தான். ஏறும்போதும் ஓடையில் மட்டும் ஃபோர் வீல் போட்டு, மற்ற இடங்களில் இரண்டு சக்கரத்திலேயே முக்கி முனகி ஏற்றினான். இறக்கத்தில் கியரில் வந்தால் இன்ஜினே வண்டியைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் பிரேக் ஒன்றே துணை. அதுவும் சூடேறிவிட்டால் மிதிக்க மிதிக்க உள்ளே போகுமே தவிரப் பிடிக்காது. இவை எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மெமோ வரவில்லை என்பதே.

9. 4-7-1985 அன்று வாகனப் பிரிவு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அரசம்பாறை வண்டியின் மைலேஜ் உயர்ந்திருப்பது, மேற்பார்வை கடுமையாக்கப்பட்ட பின் பெட்ரோல் திருட்டு நின்றுவிட்டதையே காட்டுகிறது என்றும், எனவே முன்னர் திருட்டு நடந்தது உறுதியாகிறது என்றும் அதில் கண்டிருந்தது. என் மகனின் பணிப் பதிவேட்டிலும் அது ஏற்றப்பட்டது.

10. 29-8-1986 அன்று பிற்பகல் அரசம்பாறையிலிருந்து திரும்புகையில் வண்டியில் இருவர் மட்டுமே இருந்தனர்: என் மகனும், செவிலியர் திருமதி ஜானகியம்மாளும். அந்த அம்மையார் இன்றும் இருக்கிறார். அவர் வாக்குமூலம் கோப்பில் உள்ளது. உச்சியில் இன்ஜின் நின்றதும் அவர், "ஏம்ப்பா நிறுத்திட்டே, மழை பேஞ்சு கெடக்குதில்ல?" என்று கேட்டிருக்கிறார். என் மகன், "மாசக் கடைசிங்கம்மா" என்று சொல்லியிருக்கிறான்.

ஐயா, அந்த மாதம் மழையால் ஓடையில் நீர் பெருகி, வழக்கத்தைவிட அதிகமாக ஃபோர் வீல் போட நேர்ந்திருந்தது. கணக்கு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஏழாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் பாறை. அவன் பாறையின் மேல் திருப்பினான். ஓட்டுநர் ஆசனம் வலப்பக்கம் இருப்பது தாங்கள் அறிந்ததே. ஜானகியம்மாளுக்குக் கை எலும்பு முறிந்ததுடன் போயிற்று. என் மகனுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு.

11. 12-12-1986 தேதியிட்ட உத்தரவில், ஓட்டுநர் விதிக்கு மாறாக இன்ஜினை நிறுத்தி நியூட்ரலில் இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்றும், வெகு நாட்களாக இவ்வாறே ஓட்டிவந்தது விசாரணையில் தெரிகிறது என்றும், எனவே குடும்பத்தார் இழப்பீட்டுக்கு உரியவரல்லர் என்றும் கண்டுள்ளது. அவன் இன்ஜினை நிறுத்தினான். இதை நான் மறுக்கவில்லை. என் முந்தைய மனுக்களிலும் மறுத்ததில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். வெகு நாட்களாக நியூட்ரலில் இறங்கினான் என்பது மெய்யானால், மைலேஜ் உயர்ந்தது அதனால்தான். திருட்டு நின்றதால் அல்ல. திருட்டு நின்றதால்தான் உயர்ந்தது என்பது மெய்யானால், அவன் நியூட்ரலில் இறங்கியிருக்க வேண்டியதில்லை. அவன் திருடனாக இருக்கலாம், அல்லது அஜாக்கிரதைக்காரனாக இருக்கலாம். இரண்டுமாக இருக்க முடியாது. ஆயினும் இரண்டு காகிதங்களும் ஒரே கோப்பில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. பார்வையில் கண்ட என் மூன்று மனுக்களும், அறிக்கை கோரி, அக்கையெழுத்துக்கு உரிய வாகனப் பிரிவுக்கே அனுப்பப்பட்டன. மூன்றுக்கும் வந்த பதில், "பரிசீலனையில் உள்ளது."

12. இனி எழுதுவதே இம்மனுவின் காரணம். அந்த வண்டி பழுது பார்க்கப்பட்டு மீண்டும் மலைக்குப் போகிறது. அளவு மாறவில்லை, அதே ஐந்துதான். 2-2-1987 முதல் காஜா என்ற இளைஞர் ஓட்டுகிறார், வயது இருபத்தாறு, தருமபுரியில் பீடா கடை வைத்திருந்து காலமானவரின் மகன். அவருக்கு 8-4-1987 அன்று முதல் மெமோ வந்தது. 14-6-1987, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, உங்க மவன் இந்த வண்டியில அஞ்சு கொண்டாந்தாராமே. எனக்கு மூணேமுக்காலைத் தாண்ட மாட்டேங்குது. அவர் என்ன பண்ணாருங்கய்யா?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று கூறி அனுப்பினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த இசபெல்லா, "சொல்லாம வுட்டா மட்டும் தெரியாமப் போயிடுமா மாமா?" என்றாள்.

13. நேற்று, 24-9-1987, வியாழக்கிழமை, காஜா மறுபடியும் வந்தார். இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. தன் தங்கை ஷகிலாவின் நிக்காஹ் பத்திரிகையைக் கொடுத்தார். போகும்போது, "ஆகஸ்டு மாசம் மெமோ வரலீங்கய்யா. இனிமே வராதுங்க" என்றார்.

அவரை உட்கார வைத்து, என் மகன் எப்படி இறந்தான் என்பதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னது: "தெரியுங்கய்யா. ஜானகியம்மா சொல்லிச்சு. ஆனா மாப்பிள்ளை வூட்டுக்காரங்க விசாரிக்கிறாங்க. பொண்ணோட அண்ணன் பெட்ரோல் திருடறவன்னு போச்சுன்னா அது வாழ்க்கை என்னாவறதுங்க? நான் மெதுவாத்தான் இறக்கறேன்." வேலையை விடச் சொன்னேன். "விட்டா, மாட்டிக்கிட்டு ஓடிட்டான்னு இல்லீங்களா சொல்வாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஐயா, அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி.

14. இம்மாதமும் மழை. ஓடையில் தண்ணீர் போகிறது. கணக்கு முடிவது வருகிற புதன்கிழமை, 30-9-1987. அதற்கு முன் வண்டி திங்கட்கிழமையும் புதன்கிழமையும் மலைக்குப் போகும். வண்டியையே நிறுத்திவிடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அரசம்பாறையில் பெரியம்மாள் என்பவருக்கு இது ஒன்பதாம் மாதம் என்றும், முந்தின பிரசவத்தில் அவர் பிழைத்ததே பெரிது என்றும் ஜானகியம்மாள் சொல்கிறார்.

15. என் மனுக்கள் ஏன் நகரவில்லை என்று இரவெல்லாம் யோசித்தேன். அளவு தவறு என்று இன்று ஒப்புக்கொண்டால், 1984ஆம் வருடத்து மெமோக்கள் தவறாகும்; வீடு தேடியது தவறாகும்; சுற்றறிக்கை தவறாகும்; இழப்பீடு மறுத்தது தவறாகும். இத்தனையையும் ஒப்புக்கொள்ள எவரும் முன்வரமாட்டார்கள் என்பதை இத்தனை காலம் அரசாங்க உத்தியோகம் பார்த்த நான் அறிந்திருக்க வேண்டும். என் மகனுடைய பெயர் குறுக்கே நிற்கும்வரை அந்த அளவு மாறாது.

ஆகவே பார்வையில் கண்ட மூன்று மனுக்களையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சவுரியப்பன் பெட்ரோல் திருடினான் என்று பதிவேட்டில் உள்ளது அவ்வாறே இருக்கட்டும். அஜாக்கிரதையால் இறந்தான் என்பதும் இருக்கட்டும். இழப்பீடு வேண்டாம். எந்த அதிகாரியும் பிழை செய்தார் என்று நானோ என் மருமகளோ இனி எங்கும் எழுதமாட்டோம், சொல்லமாட்டோம். இவ்வாறு எழுதப் போகிறேன் என்று இசபெல்லாவிடம் சொன்னபோது அவள், "அவரு பேரை நம்ம கையாலயே அழிக்கிறோமா மாமா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். கீழே அவளும் கையொப்பமிட்டிருக்கிறாள்.

இதற்கு ஈடாக நான் வேண்டுவது ஒரே ஒரு வரி. அரசம்பாறை வண்டி, ஏறும்போது தேவைக்கேற்ப ஃபோர் வீல் போட்டுச் செல்லவும், இறங்கும்போது இன்ஜின் ஓட, கியரிலேயே வரவும் வேண்டும். அதற்குச் செலவாகும் பெட்ரோலைக் குறித்து ஓட்டுநரிடம் விளக்கம் கேட்கலாகாது. காரணம் எதுவும் குறிப்பிட வேண்டியதில்லை. புதிய விதி என்று போட்டால் போதும். பழையதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தபாலில் அனுப்பினால் தங்கள் பார்வைக்கு வர நான்கு நாட்களாவது ஆகும் என்பதை என்னைவிட அறிந்தவர் இல்லை. எனவே திங்கட்கிழமை, 28-9-1987, முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து இம்மனுவை நேரில் தருகிறேன். அன்று மலைக்குப் போகும் வண்டி பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் இறங்கத் தொடங்கும். தாங்கள் அதற்கு முன் கையெழுத்திட்டால், ஷெட்டிலிருந்து ஒருவரை அனுப்பிச் சொல்லிவிட இயலும்.

அந்த ஒரு வரிக்காகத் தங்கள் அலுவலக வாசலில் காத்திருக்கும்,

(ஒப்பம்) ச. மதலைமுத்து
(ஒப்பம்) ச. இசபெல்லா

இடம்: பாப்பிரெட்டிப்பட்டி
நாள்: 25-9-1987, வெள்ளிக்கிழமை